வெறுத்த பதார்த்தமும் விரும்பும் நாவும்

தருமபுரி நகரத்திற்குக் கிழக்கே, பொம்மிடி இரயில் நிலையத்திற்கு வடக்கே, மானாவாரி நிலங்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் நடுவில் அமைந்துள்ள கடத்தூர்ப் பேரூராட்சியின் சந்தையில், வாங்குவோர் பைகளுக்குள் போய்ச் சேரும் சரக்குகளைச் சற்று நேரம் கவனித்து நிற்பவர், அவற்றுள் பல அந்தந்த வீட்டுக் குழந்தைகளின் முகத்தைச் சுளிக்க வைப்பவை என்பதைச் சிரமமின்றிக் கண்டுகொள்வார். பாகற்காய், சுண்டைக்காய், அகத்திக்கீரை, முள்ளங்கி, வெந்தயம், கருவாடு, களிக்கு வேண்டிய கேழ்வரகு என்று நீளும் அந்தச் சரக்குகளைப் பேரம் பேசி, பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கி, பை நிரம்ப வாங்கிச் செல்லும் நடுவயது மனிதர்களே, முன்னொரு காலத்தில் இவற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துத் தாயாரின் கோபத்துக்கு ஆளான சிறுவர் சிறுமியராக இருந்தவர்கள். பாகற்காயின் கசப்பு இந்த இடைக்காலத்தில் குறைந்துவிடவில்லை. கருவாட்டின் வீச்சமும் மாறிவிடவில்லை. உண்பவர்தாம் மாறியிருக்கிறார். அந்த மாறுதல் எங்கே, எவ்வாறு, எதனால் நிகழ்கிறது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. வயது ஏற ஏற நாக்கிலுள்ள சுவை மொட்டுகள் அழிந்துபோகின்றன என்றும், ஆகையால் குழந்தைக்குக் கடுங்கசப்பாகத் தோன்றியது பெரியவருக்கு மங்கலாகத் தோன்றுகிறது என்றும் படித்தவர்களும் கூறக் கேட்கிறோம். இதில் உண்மையின் ஒரு கூறு இருக்கிறது. முழு உண்மை இல்லை. சுவை மொட்டுகளின் உயிரணுக்கள் ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருப்பவை. ருசியிலும் வாசனையிலும் கவனிக்கத்தக்க தேய்வு ஏற்படுவது பெரும்பாலோர்க்கு 60 வயதை ஒட்டியே. பாகற்காயில் பிரியம் பிறப்பதோ இருபதிலும் முப்பதிலும். அன்றியும், நாக்கு மரத்துப்போவதே காரணமாயின் நாம் கசப்பை உணராமல் உண்ணவேண்டும். நாமோ அந்தக் கசப்பை நன்றாக உணர்ந்து, அதனையே நாடி உண்கிறோம். எனவே நாக்கோடு நில்லாமல், நாக்கு அனுப்பும் செய்தியைப் பெற்று அதற்குப் பொருள் கற்பிக்கின்ற மூளை வரையிலும் நாம் செல்லவேண்டியிருக்கிறது.

பிறந்த சிசுவுக்கு ருசியைப் பற்றிய சில தீர்மானங்கள் பிறவியிலேயே அமைந்திருக்கின்றன. ஜெருசலேமில் ஜேக்கப் ஸ்டைனர் என்னும் ஆராய்ச்சியாளர், தாய்ப்பாலும் இன்னும் அருந்தாத சிசுக்களின் நாவில் ஒரு துளி இனிப்பு நீரையும் ஒரு துளி கசப்பு நீரையும் தனித்தனியே இட்டு, அவற்றின் முகக்குறிப்புகளைப் பதிவு செய்தார். இனிப்புக்கு முகம் மலர்ந்து உதடுகள் சப்பின. கசப்புக்கு வாய் கோணி, நாக்கு வெளியே தள்ளியது. எவரும் கற்பிக்காத இந்தப் பேதத்தின் காரணத்தை இயற்கையின் வரலாற்றில் காணலாம். தாவரங்கள் தம்மைத் தின்னவரும் பிராணிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் விஷப்பொருள்களில் மிகப் பல கசப்பானவை; ஆதலால் மனித நாவில் இனிப்பை அறிவதற்கு ஒரே ஒரு முக்கியமான ஏற்பி இருக்க, கசப்பை அறிவதற்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன. இனிப்பு என்றால் சக்தி தரும் உணவு, கசப்பு என்றால் ஆபத்து என்னும் இந்த ஆதி விதியோடுதான் ஒவ்வொரு குழந்தையும் இவ்வுலகில் தன் முதல் வாய்ச் சோற்றை உண்கிறது.

நம் கிராமத்துத் தாய்மார்கள் இவ்விதியை ஆராய்ச்சிக்கூடத்தின் உதவியில்லாமலே அறிந்திருந்தார்கள். இரண்டு வயதைத் தாண்டியும் முலைப்பாலை விடாத பிள்ளைக்குப் பாலை மறக்கடிக்க வேப்பிலையை அரைத்து மார்பில் தடவும் வழக்கம், கசப்பின்மீது குழந்தைக்குள்ள பிறவி வெறுப்பை நம்பி ஏற்பட்ட உபாயமேயாகும். அதே சமூகம் சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூப் பச்சடியைக் குடும்பம் முழுவதற்கும் பரிமாறி, அதே கசப்பை விரும்பி உண்ணவும் கற்பித்தது.

ஆனால் பிறவித் தீர்மானங்கள் மட்டுமே குழந்தையின் கைமுதல் அல்ல. கருவறையிலேயே ஒரு பாடம் ஆரம்பமாகிவிடுகிறது. கர்ப்பிணி உண்ணும் உணவின் வாசனைப் பொருள்கள் பனிக்குட நீரில் கலந்து, அதனை விழுங்கிக்கொண்டே வளரும் கருவுக்குப் பரிச்சயமாகின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜூலி மென்னெல்லாவும் கேரி பூசாம்பும், தாய் பூண்டு உண்டபின் அதன் மணம் முலைப்பாலில் ஏறுவதையும், அந்தப் பாலைச் சிசுக்கள் வெறுக்காமல் அதிக நேரம் பருகுவதையும் 1991-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய்மார்கள் காரட் சாறு அருந்திவந்தால், அவர்களுடைய குழந்தைகள் பின்னர்க் காரட் கலந்த உணவை அதிகமாக ஏற்றுக்கொள்வதை 2001-ஆம் ஆண்டில் மென்னெல்லாவின் குழுவினர் வெளியிட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பது பால் ஊறுவதற்கு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள்; அது பாலை மிகுவிக்கிறதோ இல்லையோ, ஊருக்குள் பிறந்த குழந்தைக்கு ஊர்ச் சமையலின் மணத்தை அறிமுகம் செய்துவைக்கிறது என்பதில் ஐயமில்லை.

இவ்வளவு முன்னேற்பாடுகளோடு வந்த குழந்தை, பல் முளைத்து மசித்த சோறும் பருப்பும் கீரையும் உண்ணத் தொடங்கிய நாட்களில், எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் வாயைத் திறக்கிறது. ஏறக்குறைய இரண்டு வயதில் நிலைமை தலைகீழாகிறது. நேற்று வரையில் உண்ட கீரையை இன்று வேண்டாம் என்கிறது. குழம்பில் மிதக்கும் கறிவேப்பிலையைக் கண்டு கையைப் பின்னுக்கு இழுக்கிறது. கண்டறியாத பதார்த்தத்தைச் சுவைத்துப் பாராமலே பிடிக்காது என்று தீர்ப்புச் சொல்கிறது. புது உணவைக் குறித்த இந்த அச்சம் இரண்டிலிருந்து ஆறு வயது வரையில் உச்சத்தில் நிற்பதென்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். தாயின் இடுப்பைவிட்டு இறங்கி, தானாக நடந்து, கையில் அகப்பட்டதை வாயில் போட்டுக்கொள்ளத் தொடங்கும் வயதும் இதுவே என்பதை நினைத்துப் பார்த்தால், வேலியோரத்தில் அரளியும் ஊமத்தையும் வளர்கின்ற ஓர் உலகில் இந்தப் பயம் எத்தனை குழந்தைகளின் உயிரைக் காத்திருக்கும் என்பது விளங்கும். இங்கிலாந்தில் 8 முதல் 11 வயது வரையிலான ஆயிரக்கணக்கான இரட்டைப் பிள்ளைகளை வைத்து 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, இந்த அச்சத்தில் ஒரு பிள்ளைக்கும் மற்றொரு பிள்ளைக்கும் காணப்படும் வேற்றுமையில் ஏறத்தாழ 78 சதவீதம் பரம்பரையால் விளைவதென்று கணக்கிட்டது. ஆகவே, தட்டைத் தள்ளிவிடும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று வைவதும், அதன் தாயைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவள் என்று பழிப்பதும், இருவருக்கும் இழைக்கும் அநீதியாகும்.

பரம்பரையின் கை வேறோர் இடத்திலும் தெரிகிறது. 1931-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் இரசாயனக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்பவர் ஒரு தூளைக் குப்பிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, காற்றில் பறந்த துகள் பட்டுத் தம் வாய் கசக்கிறதென்று அருகிலிருந்த சகா முறையிட, ஃபாக்ஸோ அதில் எவ்விதச் சுவையும் காணாமல் வியப்புற்றார். பீனைல்தையோகார்பமைடு என்னும் அந்தப் பொருள் சிலர்க்குக் கடுங்கசப்பாகவும் சிலர்க்குச் சுவையற்றதாகவும் தோன்றுவதற்குரிய மரபணு 2003-ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த காய்கறிகளில் இதற்கு உறவான பொருள்கள் இருத்தலால், ஒரே வீட்டில் ஒரே சட்டியில் வெந்த முள்ளங்கிச் சாம்பார் அண்ணனுக்கு ஒருவிதமாகவும் தங்கைக்கு வேறுவிதமாகவும் ருசிக்கக்கூடும். நம் பிரச்னைக்கு இதனினும் முக்கியமான செய்தி 2005-ஆம் ஆண்டில் மென்னெல்லாவின் குழு கண்டது: அந்த மரபணுவின் ஒருவகை அமைப்பைக் கொண்டவர்களுள், ஒரே அமைப்பையுடைய பெரியவர்களைவிடக் குழந்தைகள் மெல்லிய கசப்பையும் உணர்ந்துவிடுகிறார்கள். குழந்தை கசக்கிறது என்று சொல்லும்போது பல சமயங்களில் அது பொய் சொல்லவில்லை. நமக்குக் கசப்பதைவிட அதற்கு அதிகமாகவே கசக்கிறது. வளரும் பருவத்தில் இனிப்பின்மேல் மிகுதியாக இருந்த நாட்டமும், உடலின் வளர்ச்சி முற்றுப்பெறும் காலத்தில் தணிந்துவிடுகிறது.

இவ்விதம் வயது வழியைச் சற்றுச் சீர்படுத்திக் கொடுக்கிறது. ஆயினும் அந்த வழியில் நடந்து மறுகரை சேர்வது அனுபவத்தின் காரியம். அனுபவத்தின் முதற்படி வெறும் பழக்கம். லீயன் பர்ச் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1982-ஆம் ஆண்டில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைச் சிலவற்றை ஓரிரு முறையும், சிலவற்றைப் பத்து, பதினைந்து, இருபது முறையும் சுவைக்கக் கொடுத்து, பின்னர் எதை விரும்புகின்றன என்று பார்த்தார்; எதை அதிகத் தடவை சுவைத்தனவோ அதையே அதிகம் விரும்பின. கண்ணால் பார்த்துப் பழகினால் போதுமா என்று 1987-இல் அவரும் மாணாக்கர்களும் மீண்டும் சோதித்தபோது, பார்ப்பதால் பார்வைக்குப் பிடிப்பது மட்டுமே விளைகிறதென்றும், நாவுக்குப் பிடிக்க நாவில் பட்டே ஆகவேண்டுமென்றும் தெரிந்தது. இதற்குள் அடங்கிய தர்க்கம் எளிதானது. உண்டபின் வயிறு வலிக்கவில்லை, வாந்தி வரவில்லை, தலை சுற்றவில்லை என்னும் அனுபவம் பலமுறை நேரும்பொழுது, ஆபத்து என்று பிறவியிலே எழுதப்பட்ட எச்சரிக்கையின்மேல், இது நிரபாயமானது என்று மூளை மற்றொரு குறிப்பை எழுதிக்கொள்கிறது. பெற்றோர்களில் பலர் மூன்று நான்கு முறை முயன்று, இவனுக்குப் பிடிக்காது என்று கைவிட்டுவிடுகிறார்கள். பாடமோ பத்தாவது முறையில்தான் ஏறத் தொடங்குகிறது.

இரண்டாவது படி, வெறுக்கும் சுவையை விரும்பும் சுவையோடு சேர்த்துக் கொடுப்பது. பாகற்காய் சமைக்கும் ஒருத்தியின் கைவேலையை அருகிலிருந்து பார்த்தால், அவள் ஒவ்வொரு செய்கையிலும் ஒரு சாஸ்திரம் அடங்கியிருப்பதைக் காணலாம். காயை வட்டவட்டமாக அரிந்து விதையை நீக்கி, உப்பும் மஞ்சள்தூளும் பிசிறிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, விட்ட நீரைப் பிழிந்து கொட்டுகிறாள். அந்நீரோடு கசப்புப் பொருளில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. எஞ்சிய கசப்பை ஒட்டிக்கொண்ட உப்பே அடக்குகிறது. கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடிய உப்பைச் சேர்த்தால் கசப்பு மங்கி இனிப்பு மேலெழுகிறதென்பதை மோனெல் நிலையத்தின் பால் பிரெஸ்லினும் பூசாம்பும் 1997-இல் நிரூபித்தார்கள். பிறகு நல்லெண்ணெயில் சுருள வதக்கி, புளி கரைத்து ஊற்றி, இறக்கும்போது ஒரு கட்டி வெல்லம் போடுகிறாள். எண்ணெயும் வெல்லமும் கசப்புக்குத் துணையாக நாவிலும் வயிற்றிலும் ஒருசேர இறங்க, அவற்றுக்குரிய இன்பத்தில் ஒரு பங்கு பாகற்காயின் கணக்கிலும் வரவாகிறது. இனிப்புச் சேர்த்துப் பலமுறை அருந்திய ஒரு மணம், பின்னர் இனிப்பை நீக்கிக் கொடுத்தாலும் முன்னைவிட அதிகமாகப் பிடித்திருப்பதைப் பால் ரோஸின் என்னும் ஆராய்ச்சியாளர் முதலானோர் 1983-இல் கண்டனர். எனவே வெல்லம் போட்ட பாகற்காய்ப் புளிக்குழம்பில் தொடங்கிய ஒருவர், காலக்கிரமத்தில் வெறும் பாகற்காய் வறுவலுக்கு வந்து சேர்வது வியப்பன்று.

மூன்றாவது படி வயிற்றின் சாட்சி. அதற்குச் சிறந்த உதாரணம் கேழ்வரகுக் களி. கொதிக்கும் உலைநீரில் கொஞ்சம் நொய்யரிசியை வேகவிட்டு, அதன் நடுவில் கேழ்வரகு மாவைக் கூம்பாகக் கொட்டி, துடுப்பால் ஒரு குழி செய்து, மாவு ஆவியில் வெந்து மணம் வரும்வரையில் பொறுத்திருந்து, பின்னர்ப் பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு கட்டி விழாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைக்கப்படும் அந்த உருண்டை குழந்தைக்கு எல்லா விதத்திலும் அந்நியமாகத் தோன்றும். அதன் நிறம் கருத்திருக்கிறது. அது பற்களில் ஒட்டுகிறது. விண்டு, குழித்து, கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்கும் வித்தை தெரியாதவருக்குத் தொண்டையில் நிற்கிறது. தானியத்தின் மேல்தோலிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் நாவில் மெல்லிய வறட்சியையும் உண்டாக்குகின்றன. ஆனால் உச்சி வெயிலில் கடலைச் செடி பிடுங்கிவிட்டு வந்த உழைப்பாளிக்கு, காலையில் விழுங்கிய ஓர் உருண்டை நெடுநேரம் பசியெடுக்காமல் காத்த நினைவு உடம்பில் பதிந்திருக்கிறது. ஒரு ருசியைத் தொடர்ந்து வயிறு நிறைவெய்தும் அனுபவம் மீண்டும் மீண்டும் நேர்ந்தால், மூளை அந்த ருசியையே விரும்பக் கற்றுக்கொள்கிறதென்பது பிராணிகளிடத்தும் மனிதரிடத்தும் காணப்பட்ட உண்மை.

நான்காவது படியை நாம் சகவாசம் எனலாம். பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளுள், ஒரு காய்கறியை வெறுக்கும் குழந்தையை அதை விரும்பி உண்ணும் சில குழந்தைகளோடு பகலுணவுக்கு உட்காரவைத்தபோது, சில தினங்களுக்குள் அந்தக் குழந்தையும் அதையே தேர்ந்தெடுக்கத் தொடங்கியதென்று பர்ச் 1980-இல் எழுதினார். நம் நாட்டில் இந்தச் சோதனை மிகப் பெரிய அளவில், வேறு நோக்கத்துக்காக, நாள்தோறும் நடந்துவருகிறது. 1982 ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டத்திலும், 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும், பள்ளித் தாழ்வாரத்தில் வரிசையாக அமர்ந்து உண்ணும் பிள்ளைகளிடையே, வீட்டில் காய்கறியைத் தொடாத சிறுவன் பக்கத்துப் பையன் கிச்சடியை வழித்து உண்பதைக் கண்டு தானும் உண்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

இந்த நான்கு படிகளிலும் ஏறிவரும் குழந்தையைத் தடுக்கி விழச்செய்பவை இரண்டு: நிர்ப்பந்தம் ஒன்று, லஞ்சம் மற்றொன்று. "ஒரே ஒரு வாய் கண்ணு" என்று கெஞ்சுவதில் ஆரம்பித்து, கன்னத்தைப் பிடித்து வாயில் திணிப்பதில் முடியும் நம் வீட்டு நாடகத்தில், குழந்தை கற்பது கீரையின் சுவையை அன்று. கீரை வரும்போதெல்லாம் அழுகையும் அதட்டலும் கூடவே வரும் என்பதை. கீரையைத் தின்றால் மிட்டாய் தருகிறேன் என்பதோ இதனினும் நயமாகத் தோன்றினாலும், விளைவில் அதற்குக் குறைந்ததன்று. புதிய பால்பானம் ஒன்றைக் குடித்தால் பரிசு உண்டு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு, அந்தப் பானத்தின்மேல் முன்பிருந்த விருப்பமும் குறைந்துபோனதென்பது பர்ச் 1984-இல் வெளியிட்ட முடிவு. கூலி கொடுத்துச் செய்விக்கவேண்டிய காரியம் இன்பமான காரியமாக இருக்க முடியாதென்று குழந்தையும் ஊகித்துக்கொள்கிறது.

விருப்பம் பத்து வேளையில் மெல்ல வளர்கிறதென்றால், வெறுப்பு ஒரே வேளையில் வேரூன்றிவிடும். ஒரு ருசியைச் சுவைத்தபின் குமட்டல் நேர்ந்தால், அந்தக் குமட்டலுக்கு வேறு காரணம் இருந்தபோதிலும், பிராணி அந்த ருசியையே பின்னர் விலக்குகிறதென்பதை ஜான் கார்சியா 1955-ஆம் ஆண்டு முதல் எலிகளை வைத்துக் காட்டினார். விளக்கெண்ணெயைக் காப்பியில் கலந்து பேதிக்குக் கொடுக்கும் வழக்கம் நிலவிய தலைமுறையில் வளர்ந்தவர்களுள், காப்பியின் வாசனையை முகர்ந்தாலே வயிறு புரட்டுகிறது என்று கூறும் முதியவர்கள் சிலர் இருப்பதன் இரகசியம் இதுவே. அவர்களுக்குக் காப்பி ஒரு குற்றமும் செய்யவில்லை. குற்றவாளியோடு ஒரே டம்ளரில் அகப்பட்டுக்கொண்டது.

ஒரு குழந்தைக்கு நிகழ்வது ஒரு நாட்டுக்கும் நிகழலாம் என்பதற்கு மிளகாயைக் காட்டிலும் பெரிய சான்று இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய மிளகாய், 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் கப்பல் வழியாக இந்தியாவை அடைந்தது. அதற்கு முன்னால் இங்கே காரத்துக்கு மிளகும் திப்பிலியும் சுக்குமே இருந்தன. மிளகாயின் எரிச்சல் சுவையே அன்று; சூட்டை உணரும் நரம்பு ஏற்பியை அதிலுள்ள கேப்சைசின் தூண்டிவிடுவதால் உண்டாகும் வேதனை. அந்த ஏற்பியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ரோஸின், மிளகாய் கலந்த எச்சிலுணவை நாள்தோறும் தின்னும் நாய்களும் பன்றிகளும் அதை ஒருபோதும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை என்றும், குழந்தைகளோ எவரும் வற்புறுத்தாமலே, பெரியவர்கள் உண்பதைப் பார்த்துப் பார்த்து, ஐந்தாறு வயதுக்குள் தாமாகவே கேட்டு உண்ணத் தொடங்குகிறார்கள் என்றும் கண்டார். உடம்பு ஆபத்து என்று கூவ, மனம் ஆபத்தில்லை என்று அறிந்து அந்தக் கூச்சலையே ரசிப்பது மனிதனுக்குரிய பிரத்தியேகமான விநோதம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

இனிக் கேழ்வரகின் கதைக்கு மீண்டும் வருவோம்; ஏனெனில் கடத்தூர் வட்டாரத்தில் நம் பிரச்னை முழு உருவில் வெளிப்படுவது அங்கேதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களில் தோன்றி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே இந்தியாவுக்கு வந்து, மழை குறைந்த செம்மண் நிலத்தில் வேரூன்றிய இத்தானியம், 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தை உடையது. தீட்டிய அரிசியில் அச்சத்து 10 மில்லிகிராம் அளவே. இத்தகைய தானியம் தட்டிலிருந்து விலகியதற்கு நாவின் வெறுப்பு மட்டும் காரணமன்று. அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியதாகவும், களி அன்றாடக் கூலிவேலையின் அடையாளமாகவும் இருந்த காலத்தில் வளர்ந்த பிள்ளைகள், களியின் துவர்ப்போடு அதன் அந்தஸ்தையும் சேர்த்தே சுவைத்தார்கள். தான் களியை உண்டு, பிள்ளைக்கு மட்டும் அரிசிச் சோறு வடித்துக்கொடுத்த தாய், தன் அன்பினாலேயே களி தாழ்ந்தது என்னும் பாடத்தைக் கற்பித்தாள். பிறகு நியாயவிலைக் கடையின் அரிசி எல்லோருக்கும் எட்டியபோது, களியை விடுவதற்கு ஒருவரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

இன்று அதே பிள்ளைகள் நடுவயதில் களிக்குத் திரும்புவதற்கு, வைத்தியர் கூறிய யோசனை ஒரு காரணம். இளமைக்கால நினைவு மற்றொரு காரணம். இக்காலத்தில் சிறுதானியங்களுக்கு ஏற்பட்டிருக்கும் புது மதிப்பு மூன்றாவது காரணம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டரசு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. கேழ்வரகு நீரிழிவை ஆற்றும் ஔஷதம் என்று நம்பி அளவின்றி உண்பது தவறு. அதுவும் மாவுச்சத்து மிகுந்த தானியமே. ஆயினும், அந்தஸ்து மாறியவுடன் ருசியும் மாறுகிறதென்பது நாம் கவனிக்கவேண்டிய விஷயம். கூலிக்காரரின் தட்டில் இருந்தபோது தொண்டையில் சிக்கிய அதே உருண்டை, நகரத்து உணவுவிடுதியில் வாழையிலையின்மேல் வந்து அமரும்போது வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். கற்றுக்கொண்ட விருப்பமெல்லாம் நல்ல விருப்பம் என்று கொள்ளலாகாது. கடத்தூர்ச் சந்தை வெற்றிலைக்குப் பேர்போனது. காரமும் விறுவிறுப்புமுள்ள அந்த இலையைச் சிறுபிள்ளை மென்றவுடன் துப்பிவிடும். பாட்டனோ அதைப் பாக்கோடும் சுண்ணாம்போடும் சேர்த்துக் காலை முதல் இரவு வரையில் குதப்புகிறார். இங்கே பழக்கமும் சகவாசமும் தம் வேலையைச் செய்ததோடு, பாக்கிலுள்ள அரெகோலின் என்னும் பொருள் நரம்புகளைக் கிளர்த்தி, துவர்ப்புக்கும் எரிச்சலுக்கும் கைமேல் கூலி கொடுத்துவிடுகிறது. பாக்கு புற்றுநோயை விளைவிப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது. நாவைப் பழக்கும் ஆற்றல் பாகற்காய்க்கும் பாக்குக்கும் பேதம் பார்ப்பதில்லை. பேதம் பார்க்கவேண்டியவர்கள் நாம்.

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால், குழந்தைக்கு உணவூட்டும் பெரியோர்க்கு உரிய கடமை சுருக்கமானது. சமைத்ததைத் தாங்கள் குழந்தையோடு உட்கார்ந்து விரும்பி உண்பதும், அதன் தட்டில் நெல்லிக்காயளவு வைப்பதும், தொடாமல் விட்டால் முகம் கோணாமல் எடுத்துவிடுவதும், மறுவாரம் மீண்டும் வைப்பதுமே போதும். எந்த முயற்சிக்கும் மசியாத சில வெறுப்புகள் ஒவ்வொருவருக்கும் எஞ்சி நிற்கும்; அவற்றைப் பொறுத்துக்கொள்வதில் நஷ்டமொன்றும் இல்லை. ஒரு கீரையை உண்ணாதவனுக்கு வேறு பல கீரைகள் இருக்கின்றன.

ஆயினும் கேழ்வரகைப் பொறுத்தவரையில் ஒரு சிக்கல் புதிதாகத் தோன்றியிருக்கிறது. நியாயவிலைக் கடையிலிருந்து கேழ்வரகு வந்துசேரும் வீடுகள் பலவற்றில், இளம் தாயும் தந்தையும் முழுக்க அரிசிச் சோற்றிலே வளர்ந்தவர்கள். களி கிண்டவோ மெல்லாமல் விழுங்கவோ அறியாதவர்கள். அதன் நிறத்தைக் கண்டு தயங்குவதில் அவர்களுக்கும் அவர்களுடைய இரண்டு வயதுப் பிள்ளைக்கும் வித்தியாசம் சிறிதே. இவர்கள் மாவைப் பாட்டிக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளையைக் களி தின்னவில்லை என்று கடிவார்களானால், பிள்ளை தன் கண்ணால் கண்டதையே நம்பும். மாறாக, ருசியைக் கற்பதற்கு இத்தனை வயதுக்குள் என்ற வரம்பு ஏதும் இயற்கையில் இல்லையென்பதை உணர்ந்து, வாரம் ஒருமுறையேனும் பாட்டியின் கைப்பக்குவத்தில் கீரைக் கடைசலோடு ஒரு சிறு உருண்டையைத் தாங்களே முதலில் எடுத்துக்கொள்வார்களானால், ஒரு மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வருவதற்குள் பெற்றோரும் பிள்ளையும் ஒரே பாடத்தைச் சேர்ந்து படித்து முடித்திருப்பார்கள்.